ரோஸ்விதாவின் வலது கால்

ரோஸ்விதா பென்க்கெயிடம் ஒரு ஜோடி கறுப்புக் காலணி இருந்தது. அடிப்பாகம் மெல்லிய தோல். காலடியில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் தெரியும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஹோல்ம்பெக் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாள். திங்கள் முதல் வெள்ளி வரை அதையே போட்டுக்கொண்டு தொழிற்சாலையில் கார் ஓட்டுவாள். இருபத்திரண்டு வருடம் ஓட்டினாள். அத்தனை வருடத்தில் அவள் ஓட்டிய கார் ஓரடி முன்னால் போனதில்லை.

புகைச் சோதனைக்கூடம் அப்படிப்பட்ட இடம். கார் உருளைகளின் மேல் நிற்கும். பின்சக்கரம் உருளையைச் சுற்றும். முன்சக்கரம் கட்டைகளுக்கு நடுவில் சும்மா நிற்கும். எதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். இந்த வினாடி முப்பத்திரண்டு, அடுத்து ஐம்பது, இப்போது நில் என்று அது சொல்வதை ஓட்டுகிறவர் கேட்க வேண்டும். மேலே கீழே இரண்டு கிலோமீட்டர் வரை விலகலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. இருபது நிமிடம். வெளிவரும் புகையைப் பைகளில் பிடித்து இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அது சொல்லும் எண் அரசாங்கம் போட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த மாதிரிக் கார் விற்பனைக்குப் போகும்.

திணறித் திணறி மிதிப்பவன் ஓட்டினால் எண் ஏறும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ரோஸ்விதா அத்தை மிதிக்கவே மாட்டாள். அவள் கால் பெடலின் மேல் சாயும், அவ்வளவுதான்.

அத்தை என்றுதான் அவளைக் கூப்பிட்டு வளர்ந்தேன். எங்கள் உருளைக்கிழங்கு வயலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவளுடைய அப்பா பன்றி வளர்த்தார். பத்தாவதோடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் தொழிற்சாலையில் காருக்கான மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கம்பிக்கட்டு வரிசைக்கு வந்தாள். ஆர்கன் மட்டும் அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. பழைய வாசிப்பாளர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருடம் ஊரில் வேறு ஆளில்லாமல் பதினாலு வயதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள். கனத்த அடி ஸ்வரங்களைக் காலால் வாசிக்கும் பெடலுக்குக் கால் எட்டவில்லை என்று பெஞ்சியின் நுனியில் உட்கார்ந்து வாசித்தாளாம்.

சோதனைக்கூடத் தலைவர் ஃபோல்க்மாரின் தாயார் இறந்தபோது தேவாலயம் நிரம்பிவிட்டது. சொந்தத் தாயாருக்கான பூசையிலேயே அவருக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைக்காமல், தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக மேல்மாடத்தில் ஆர்கனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது ரோஸ்விதாவின் கால்கள்தான். அடுத்த வாரம் கம்பிக்கட்டு வரிசைக்கு வந்து நின்றார்.

"ரோஸ்வி, வேலைய மாத்திக்கறியா? உன் காலு எனக்கு வேணும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் விடுவார்களா? "காலு மட்டும் போதுமா ஃபோல்க்மார்? மிச்சத்தை அவ புருசனுக்கே விட்டுடறியா? பெரிய மனசுதான்!"

முதல் நாள் அவளைக் காரில் உட்கார வைத்து அவர் சொன்னது இரண்டே விஷயம். "காலு உன் இஷ்டம். கையை மட்டும் மடியில வெச்சுக்க. ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது."

"ஏன்?"

"பாதுகாப்பு விதி."

சுவரிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அத்தைக்கு அது பிடித்தும் போனது. "ஆர்கன்ல கையும் காலும் சேந்து மாரடிக்கணும். இங்க கைக்கு லீவு" என்பாள்.

அவள் ஓட்டினால் எண் இறங்கும் என்ற பேச்சு மெல்லப் பரவியது. புது இஞ்சின் எது வந்தாலும் கடைசிச் சோதனைக்கு "பென்க்கெ காலைக் கூப்பிடு" என்பார்கள். எங்கள் பக்கம் பிப்ரவரி மாதக் குளிரில் ஊரே கூடிக் கைவண்டியில் சாராயப் புட்டிகளை வைத்து இழுத்துக்கொண்டு நடந்து போய், விடுதியில் கீரையும் கொழுத்த சாசேஜும் தின்று, அந்த வருடத்துக் கீரை ராணியைத் தேர்ந்தெடுப்போம். ஒரு வருடம் அத்தை ராணி. பன்றியின் தாடை எலும்பை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டினார்கள். நாற்காலி மேல் ஏறி நின்று பேசினாள்.

"வரம்பை எவ்வளவு வேணா எறக்கட்டும். என் காலு அதுக்கும் கீழ போகும்!"

வட்டாரச் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. அதை வெட்டிச் சமையலறையில் ஒட்டி வைத்திருந்தாள்.

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவளுக்குத் தப்பியது. ஒன்பதாம் வருடம். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு தேனீ. அவளுக்குத் தேனீ கொட்டினால் தொண்டை வீங்கும். பதறிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிக் கையை வீசி எப்படியோ அதை ஜன்னலில் நசுக்கினாள். கால் கோட்டை விட்டு விலகவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். ஆனால் எண் பல மடங்கு ஏறிவிட்டது. ஃபோல்க்மார் அந்தச் சோதனையை அடித்துவிட்டு, "கால் பதறிருச்சு ரோஸ்வி. ஆகும், விடு" என்றார். அவள் விடவில்லை. பெண்கள் கழிவறையில் போய் அழுதாள். ஒரு வாரம் தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து பெடல் மட்டும் பழகினாள். தன் காலைப் பற்றிப் பெருமை பேசும்போதெல்லாம் கடைசியில் நேர்மையாக அந்தத் தேனீயையும் சொல்லிவிடுவாள்.

நான் அளவியல் படித்துப் பட்டம் வாங்கி அதே கூடத்துக்கு வேலைக்கு வந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பட்டத்தைச் சட்டம் போட்டு, உருளைக்கிழங்கு வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று தராசுக்கு மேலே மாட்டினார். முதல் நாள் கூடத்தில் அத்தை என்னைப் பார்த்து, "வாங்க பொறியாளரே, வேலி தாண்டி ஆப்பிள் திருடினவர்தானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்த மாதிரி ஆள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் வந்தது வினை. அரசாங்கத்து ஆட்கள் எங்கள் டீசல் கார் ஒன்றில் அளவுக் கருவியைக் கட்டி, நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். நைட்ரஜன் நச்சுப்புகைக்கு வரம்பு கிலோமீட்டருக்கு எண்பது மில்லிகிராம். கூடத்தில் அத்தை ஓட்டியபோது வந்தது அறுபத்திரண்டு. சாலையில் அறுநூறைத் தாண்டியது.

விசாரணை தொடங்கியது. சோதனை நடப்பதைக் காரே கண்டுபிடித்து அப்போது மட்டும் யோக்கியனாக நடந்துகொள்ளும்படி உள்ளே ஏதாவது எழுதி வைத்திருந்தால், விற்ற ஒவ்வொரு காருக்கும் அபராதம். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கூடத்து எண் குறைந்ததற்குக் காரணம் அசாதாரணத் திறமை கொண்ட ஓட்டுநர், திறமை குற்றமல்ல, சட்டம் கொடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள்தான் அவர் ஓட்டினார். இதற்கு அத்தையின் கையெழுத்து வேண்டும்.

ஃபோல்க்மார் அந்தத் தாளையும் ஒரு தட்டு வெண்ணெய் கேக்கையும் எடுத்துக்கொண்டு, நாலு மணிக் காப்பிக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். எண்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமாம்.

அத்தையின் கணவர் ஹைனோ இஞ்சின் கூடத்தில் வேலை பார்த்தார். ஊரில் பாதிப் பேர் அங்கேதான். கேக்கைத் தொடாமலே சொன்னார்: "போட்டுக் குடு ரோஸ்வி. முடிஞ்சுது வேலை."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வரம்புன்னு ஒண்ணு போட்டா, மீறினவனுக்கு அபராதமும் இருக்கணும் இல்லையா மாமா? இல்லேன்னா அது எதுக்கு?"

"பாருடா, பட்டம் பேசுது!" ஹைனோ நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "அபராதத்தை யாரு கட்டுவான்? மாடியில உக்காந்திருக்கறவன் பையிலேர்ந்து எடுத்து வெப்பானா? அவன் எங்க கூடத்தை மூடுவான். நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பி அந்தக் காசுல கட்டுவான். அப்பறம் உங்கப்பன் கிட்ட உருளைக்கிழங்கு யாரு வாங்குவான்? உன் பட்டத்தை வறுத்துத் தின்னுவீங்களா?"

"ரெண்டு பேரும் எதுக்குக் கத்தறீங்க?" என்றாள் அத்தை. "மீறினாத்தானே அபராதம்? நம்ம வண்டி மீறல. ரோட்டுல ஓட்டினவனுக்கு ஓட்டத் தெரியல. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா வெறுமனே போடமாட்டேன். எண்ணோட போடறேன்."

ஃபோல்க்மார் கப்பைக் கீழே வைத்தார். "எண்ணு எதுக்கு? அவங்க கேக்கலியே."

"அவங்க கேக்கலேன்னா? நான் ஓட்டினா எவ்வளவு, இன்னொருத்தன் ஓட்டினா எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதினாத்தான் என் காலோட மதிப்பு தெரியும். இந்தா, இவன் ஓட்டட்டும். மூணாவது தடவைதான் லைசென்ஸ் வாங்கினான். இவனை விட மோசமா ஓட்ட இந்த ஜில்லாவிலயே ஆள் கிடையாது."

எல்லோரும் சிரித்தோம். ஃபோல்க்மார் மட்டும், "வம்பு எதுக்கு ரோஸ்வி" என்று ஒரு தடவை சொன்னார். முதுகுவலிக்கு மூன்று வாரம் வெந்நீர் ஊற்று மருத்துவமனைக்கு அவர் மறுநாள் கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் கையெழுத்துத் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

கார் ஓரிரவு முழுக்கக் குளிர்ந்து நின்றால்தான் சோதனை செல்லும். அதனால் நாளுக்கு ஒரு ஓட்டம், காலை ஆறு மணிக்கு, வேலை தொடங்குமுன். முதல் நாள் அத்தை. அறுபத்தொன்று.

இரண்டாம் நாள் நான், விதிப்படி கையை மடியில் வைத்துக்கொண்டு. அப்பாவின் டிராக்டரில் ஓட்டப் பழகியவன், அது அப்படியே தெரிந்தது. கோட்டின் மேலே போனேன், கீழே விழுந்தேன். எல்லையைத் தாண்டாமல் இருந்ததே பெரிது. அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எண் வந்தது. அறுபத்து மூன்று.

"மிஷினு தப்பு" என்றாள்.

மிஷினைச் சரிபார்த்தேன். பைகளை மறுபடி அளந்தேன். அறுபத்து மூன்றுதான். இரண்டு எண் வித்தியாசம் என்பது ஒன்றுமேயில்லை; காலையில் ஜன்னல் திறந்திருந்தால் கூட அவ்வளவு மாறும்.

அத்தை காரைச் சுற்றி வந்தாள். சுவரில் இருந்த விதியைப் படித்தாள். இருபத்திரண்டு வருடம் பார்த்த பலகையை முதல் தடவை பார்ப்பது போலப் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"யோஸ்ட், ரோட்டுல போறவன் ஸ்டீயரிங்கைத் திருப்பாம போவானா?"

எனக்குப் புரிந்துவிட்டது: ஸ்டீயரிங் அசையாத வரை இது சோதனை என்று காருக்குத் தெரியும். அவளுக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது.

மூன்றாம் நாள் அவள்தான் ஓட்டினாள். அவள் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே சுத்தமான ஓட்டம் அது. திரையில் கோடு ஒன்றுதான் தெரிந்தது. அவளுடையது அதற்கடியில் மறைந்தே போனது. நாலாவது நிமிடத்தில் மடியிலிருந்து கையை எடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்து, தேனீயை விரட்டிய அன்று திருப்பியது போல அரைச் சுற்று திருப்பினாள். அவ்வளவுதான். கால் ஆடவில்லை. மீதி நேரம் முழுக்கக் கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வினாடி வரை ஓட்டி முடித்தாள்.

ஐந்நூற்று எழுபது.

காரை விட்டு அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து குனிந்தேன்.

"அன்னிக்கு என் காலு பதறல" என்றாள். "நான் சொன்னேன் இல்ல, பதறலன்னு. அதுக்குப் போய் ஒரு வாரம் அழுதேன்."

"அத்தை, இறங்குங்க."

"எந்தக் கழுதை ஓட்டியிருந்தாலும் அதே எண்ணுதான் வந்திருக்கும் இல்ல? மணல் மூட்டைய வெச்சு ஓட்டியிருந்தாக் கூட."

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதப் போனேன்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி விசாரணை அதிகாரிகளுக்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஹைனோ அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே மேசையில் சாப்பிட்டு, உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்தார். அந்தப் பிப்ரவரியில் கீரை ஊர்வலத்தின் கைவண்டி அவர்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போனது. யாரோ ஒருவன் மட்டும் உரக்கக் கூவினான்: "மகாராணி! காலுக்குச் சௌக்கியமா?" அத்தை ஜன்னலில்தான் நின்றிருந்தாள்.

என்னை, ஃபோல்க்மாருக்கும் மேலே இருந்த துறைத் தலைவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருப்பதைக் கூட அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியும். "அந்த மூணு ஓட்டத்தைப் பத்தி உங்க தொழில்முறைக் கருத்தை ஒரு வரி எழுதிக் குடுங்க. சரியா என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும்" என்றார்.

நான் எழுதினேன்: "ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஓட்டம் மட்டுமே நடத்தப்பட்டிருப்பதால் இவ்வெண்களிலிருந்து முடிவு எதையும் பெற இயலாது."

அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும் முழு மதிப்பெண் போடுவார். இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்றால், அந்தக் காரைச் சர்வீஸுக்கு என்று கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அதன் மென்பொருள் புதுசு.

விசாரணை ஹனோவரில் நடந்தது. அத்தை தேவாலயத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தாள். தனியாக ரயிலில் வந்தாள். நான் நிறுவனத்தின் காரில் போயிருந்தேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு இளம்பெண், மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"திருமதி பென்க்கெ, இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?"

பன்றித் தாடையும் நாற்காலியுமாக அந்தச் செய்தித்தாள் படம்.

"நான்தான்."

"'என் காலு அதுக்கும் கீழ போகும்.' இது நீங்க சொன்னதா?"

"ஆமா."

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"இல்ல. அதுதான் உண்மைன்னு நெனச்சேன்."

"இருபத்திரண்டு வருஷம் நெனச்சீங்க. மூணு நாள்ல மாத்திக்கிட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் குடுத்தா மறுபடி மாறலாம் இல்லையா?"

அத்தை யோசித்தாள். அதுதான் அவளுடைய குணம். கேள்வி கேட்டால் யோசிப்பாள். அந்த மௌனத்தையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஃபோல்க்மார் வருடா வருடம் அவளுக்குக் கொடுத்த பாராட்டுத் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். கடைசியாக என் வாக்கியத்தைப் படித்தார்கள். 'தகுதி பெற்ற பொறியாளரின் கருத்து' என்று தொடங்கிப் படித்தார்கள்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வாசிக்கும்போது தவறான ஸ்வரம் ஒன்று விழுந்தால் ஒரு கணம் தலை நிமிர்வாள். அந்த மாதிரி நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டாள்.

அபராதம் விதிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிந்தது. ஹோல்ம்பெக் விடுதியில் அன்று பீர் இலவசம். என்னையும் முதுகில் தட்டினார்கள். இரண்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமானது.

பதினான்கு மாதம் கழித்து இஞ்சின் கூடத்தை மூடினார்கள். அபராதத்துக்காக அல்ல, அதுதான் வரவில்லையே. கூலி குறைந்த இன்னொரு நாட்டில் புதுக் கூடம் கட்டுவது அந்த விசாரணைக்கு முன்பே முடிவான விஷயமாம். நானூறு பேரில் ஹைனோவும் ஒருவர். அன்று வீட்டுக்கு வந்தவர் மேசையில் உட்கார்ந்து, "உப்பை எடு" என்றாராம். ஒன்றரை வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அத்தை எடுத்துக் கொடுத்தாள். மன்னிப்பு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கைவண்டி மறு வருடமும் நிற்கவில்லை.

அபராதம் வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பயந்தவர்களின் வேலையை அந்தப் பயம் காப்பாற்றவில்லை. ஆனால் இதை உரக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சொல்ல வேண்டிய அன்று நான் இலக்கண சுத்தமாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன்.

அத்தையைச் சோதனைக்கூடத்திலிருந்து எடுத்து, கையுறையும் கண்ணாடியும் வழங்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அவள் இடத்துக்கு ஒருவன் வந்தான். கார்ச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கிற அளவுக்குத் திறமைசாலி. அவனுக்கும் எண்கள் அருமையாக வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் மட்டும் இன்னும் அவளிடம் இருக்கிறது, வேறு ஆளில்லை. ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு பாட்டில் ஏதோ குறைவதாகப் பட்டது. அடியில் இருக்க வேண்டிய கனமான ஒலி இல்லை. மேல்மாடத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். கைகளால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். கால்கள் இரண்டையும் பெஞ்சிக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். சாதாரண வீட்டுச் செருப்பு.

பாட்டு முடியும் வரை நின்றேன்.

"ஏன் அத்தை, காலு வலியா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

புத்தகத்தை மூடினாள். "இதுவும் என் காலுதானான்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். "எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் அங்கேயும் சொன்னாங்க."

கீழே வந்தேன். தேவாலயத்து வாசலில் என் கார் நின்றது. நாங்கள் சோதித்த அதே மாதிரிக் கார், அதே இஞ்சின். ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பித் தெருவுக்கு எடுத்தேன்.